கல்லூரி திறப்பதற்கு முந்தைய ஐந்து மாதங்கள்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ முடிந்துவிடுகிறது. பொறியியல் கல்லூரியில் முதலாண்டு வகுப்பு தொடங்குவதற்கு ஆகஸ்டு, சில ஆண்டுகளில் செப்டம்பரே ஆகிவிடுகிறது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து மாதங்கள், முதலில் தேர்வு முடிவுக்காகவும் பிறகு தரவரிசைப் பட்டியலுக்காகவும் அதன் பிறகு கலந்தாய்வுச் சுற்றுக்காகவும் காத்திருப்பதிலேயே கரைகின்றன. கல்லூரி திறக்கும் தேதி கைப்பேசிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டில் ஆயத்தம் என்ற பேச்சே எழுகிறது. எழுந்ததும் எல்லோரும் கடைவீதிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். 2023ஆம் ஆண்டு என் தங்கை பொறியியலில் சேர்ந்தபோது, கடைவீதி வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அந்த ஐந்து மாதங்களை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதைப் பிறருக்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் தாராபுரத்துக்கு அருகில் உள்ளது. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கோவை கணபதியில் ஒரு பட்டறையில் சி.என்.சி. எனப்படும் கணினிவழி இயங்கும் இயந்திரத்தை இயக்குகிறேன். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்ற தொகுதியைச் சேர்ந்தவள் என்பதால், பன்னிரண்டாம் வகுப்புத்தான் அவள் முழுமையாக எதிர்கொண்ட பெரிய தேர்வு என்றுகூடச் சொல்லலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கோவைக்கு வெளியே ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவில் அவளுக்கு இடம் கிடைத்தது. மருத்துவப் படிப்புக்கு 2020இல் வந்த இந்த ஒதுக்கீடு, 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. கடனுக்கு வங்கி வங்கியாக ஏறி இறங்கும் நிலை இல்லாததால்தான் மற்ற ஆயத்தங்களைப் பற்றி நிதானமாக யோசிக்க எங்களுக்கு வாய்த்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை சான்றிதழ்கள். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான தலைமையாசிரியர் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் என்று எல்லோரிடமும் இருக்கிற காகிதங்கள்தான். சிக்கல் வருவது காகிதம் இல்லாததால் அல்ல. ஒரு காகிதத்தில் உள்ள பெயர் இன்னொன்றில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாததால். பள்ளிச் சான்றிதழில் தங்கையின் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தில் இனிஷியல் இருந்தது. ஆதாரில் அப்பாவின் பெயர் முழுவதும் விரிந்து, அதுவும் ஓர் எழுத்துப் பிழையோடு நின்றது. ஆதாரைப் பார்த்துத் திறந்த வங்கிக் கணக்கிலும் அதே பிழை தொடர்ந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வர வேண்டிய 1,000 ரூபாய், ஆதாரோடு இணைந்த மாணவியின் சொந்தக் கணக்குக்குத்தான் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், சேர்ந்தவுடனேயே இந்த விவரங்களைக் கேட்டுவிடுகிறார்கள். பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுத்திருக்கும் எமிஸ் என்ற அடையாள எண்ணும் அப்போது தேவைப்படும். பள்ளியை விட்டு வருவதற்கு முன்பே அதைக் குறித்துக்கொள்வது நல்லது.

ஆதாரில் பெயர் திருத்த அப்போது 50 ரூபாய்தான் கட்டணம். ஆனால் வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயரை மாற்றலாம் என்ற வரம்பு இருப்பதால், எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். என் கருத்து, எல்லாவற்றையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள வடிவத்துக்கே கொண்டுவருவது. பட்டச் சான்றிதழும் நாளைக்குக் கடவுச்சீட்டும் அதைப் பின்பற்றித்தான் வரும். ஆதாரை மே மாதத்திலேயே திருத்தி, பிறகு வங்கிக்குப் போய் அங்கும் மாற்றினோம். கலந்தாய்வு நேரத்தில் ஆதார் மையங்களில் நிற்கிற கூட்டத்தை அதற்குப் பிறகு பார்த்தபோது, மே மாதத்தின் அருமை புரிந்தது.

நகல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. நடைமுறையில் சேர்க்கையின்போது மூலத்தை வாங்கி உள்ளே வைத்துவிடுகிற கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. மூலத்தைக் கொடுத்தால் எந்தெந்தச் சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டார்கள் என்று கையொப்பத்தோடு எழுதி வாங்க வேண்டும். கொடுப்பதற்கு முன், கைப்பேசியில் படம் பிடிப்பதோடு நிறுத்தாமல், ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் போட்டுவைக்க வேண்டும். “எல்லாச் சீட்டையும் ஒரே கவர்ல போடாத கண்ணு, தொலைஞ்சா மொத்தமாப் போயிரும்” என்று அம்மா சொன்னதையும் கேட்டு, மூலத்துக்கு ஓர் உறையும் நகலுக்கு ஓர் உறையும் வைத்தோம்.

சேர்க்கை நாளில் கட்டணக் கவுண்டரில் இருந்தவர், அரசிடமிருந்து பணம் வரும்வரை நீங்கள் கட்டிவிடுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம் என்றார். 7.5 விழுக்காட்டில் வருகிற மாணவர்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்று அரசு கூறியிருப்பதை நான் எடுத்துச்சொல்லி, ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டினேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சரி என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அதட்டிப் பேசவும் தேவைப்படவில்லை, கெஞ்சவும் தேவைப்படவில்லை. விதி தெரியாமல் போய் நின்றிருந்தால் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிருக்கும்.

விடுதி என்றதும் அம்மாவுக்கு வந்த அச்சம் ராகிங். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்ட செய்தியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. அந்தக் கொலைக்குப் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. பிறகு 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிமுறைகளை வகுத்தது. அதன்படிதான் மாணவரும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறோம். அந்தப் பத்திரத்தைப் பெரும்பாலானோர் கையெழுத்துப் போடுகிற இன்னொரு தாளாகத்தான் பார்க்கிறார்கள். நாங்கள் அதை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். பெயர் சொல்லச் சொல்வது, பாடச் சொல்வது, எழுதித் தரச் சொல்வது எல்லாம் விளையாட்டு என்று தொடங்கினாலும், ஒருவருடைய விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்தினால் அதுவும் ராகிங்தான் என்பது அப்போதுதான் தங்கைக்குத் தெளிவானது. 1800-180-5522 என்ற உதவி எண்ணை அவளுடைய கைப்பேசியில் மட்டுமல்லாமல் அம்மாவின் கைப்பேசியிலும் பதிந்து வைத்தோம். அதன் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொருள்கள் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாளி, குவளை, பூட்டு, கொசுவலை, மின்இணைப்புப் பெட்டி, பருப்புப் பொடி. கோவையில் கிடைக்காத பொருள் எதுவும் தாராபுரத்தில் கிடைக்கப் போவதில்லை என்பதால், வாளியைப் பேருந்தில் தூக்கிவர வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். சிங்காநல்லூரில் இறங்கிய பிறகு வாங்கிக்கொண்டோம். உடை விதிகள் கல்லூரியிலிருந்து வாட்ஸப்பில் வந்திருந்தன. பெண்களுக்கு ஒரு பக்கம் முழுவதும், ஆண்களுக்கு மூன்று வரி. அதைப் பற்றி எனக்குள்ள கருத்தை எழுதினால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

ஒரே ஒரு பொருளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பொறியியல் என்றதும் மினி டிராஃப்டரும் (பலகையில் பொருத்தி இணைகோடுகள் இழுக்கும் கருவி) வரைபலகையும் வாங்கிக்கொடுத்துவிடுகிற உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். தங்கை சேர்ந்தபோது நடப்பில் இருந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பொறியியல் வரைகலை இரண்டாம் பருவத்தில்தான் வந்தது. முதல் பருவத்தில் வந்தவை ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் நிரலாக்கம், தமிழர் மரபு ஆகியவை. எனவே பாடத்திட்டத்தை இறக்கிப் பார்க்காமல் கருவி வாங்கக் கூடாது. வாங்கும் நேரம் வரும்போதும், இரண்டாமாண்டு மாணவர்களிடம் பழையது பாதி விலைக்குக் கிடைக்கும். பார்த்து வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை. டிராஃப்டரைப் பலகையில் முறுக்கிப் பொருத்தி, அளவுகோல்கள் உள்ள தலையைப் பூட்டிவிட்டு, மேல் மூலையில் ஒரு கோடும் கீழ் மூலையில் ஒரு கோடும் இழுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை இரு முனைகளிலும் அளந்தால் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பிகள் சேரும் கணுக்களில் ஆட்டம் விழுந்திருக்கிறது என்று பொருள். கணுக்களில் ஆட்டம் கண்ட டிராஃப்டரை எவ்வளவு இறுக்கினாலும் கோடுகள் இணையாக வராது. அதைக் காசில்லாமல் கொடுத்தாலும் வாங்க வேண்டியதில்லை.

இனி, இந்த ஐந்து மாதங்களில் உண்மையிலேயே நேரம் தேவைப்பட்ட வேலைக்கு வருகிறேன். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குக் கல்லூரியின் முதல் வாரம் கடினமாக இருப்பதற்குப் பாடம் காரணம் அல்ல, மொழிதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ்வழியைத் தொடங்கியது என்றாலும், தங்கை தேர்ந்தெடுத்த பிரிவுக்கு அந்த வழி இல்லை. இதற்குத் தீர்வாக ஊரில் சொல்லப்படுவது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அங்கே சொல்லித்தருவது கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது, தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்வது போன்றவை. இயற்பியல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி வேகமாகச் சொல்லிக்கொண்டு போகும்போது அவை உதவுவதில்லை.

நாங்கள் செய்தது மிக எளியது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல், வேதியியல் பாடநூல்களின் ஆங்கிலவழிப் பதிப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இரு வழியிலும் ஒரே பாட வரிசையில், ஒரே எடுத்துக்காட்டுகளோடு வருகின்றன, கட்டணமும் இல்லை. அவள் ஏற்கெனவே நன்றாகப் படித்து மதிப்பெண் வாங்கிய அதே பாடத்தை, தமிழ்ப் புத்தகத்தை இடப்பக்கம் விரித்துவைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கினாள். கணக்கு தெரியும், விடையும் தெரியும்; புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது வாக்கியம் மட்டும்தான். முதல் பருவக் கணிதத் தாளே அணிகளும் நுண்கணிதமும் என்பதால், பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாடமான அணிகளிலிருந்தே தொடங்கினோம்.

இதில் எனக்கே வியப்பளித்த ஒன்று உண்டு. மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட், இன்டக்ரேஷன் போன்ற பெரிய சொற்கள் அவளை நிறுத்தவில்லை. அவற்றைப் பாடநூலின் பின்னால் உள்ள கலைச்சொல் பட்டியலிலேயே பார்த்துக்கொண்டாள். அவள் தடுக்கி நின்ற இடங்கள் எல்லாம் சப்போஸ், சச் தட், ஹென்ஸ், வித் ரெஸ்பெக்ட் டு போன்ற இணைப்புச் சொற்கள். தேற்றத்தின் நிபந்தனை எது, முடிவு எது என்பதைக் காட்டுபவை அவைதான். எந்தப் பட்டியலிலும் அவற்றுக்கு இடம் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவற்றை மட்டும் தனியே, புத்தகத்தில் வந்த முழு வாக்கியத்தோடும், அதே இடத்துக்கான தமிழ் வாக்கியத்தோடும் எழுதச் சொன்னேன். ஜூலை மாதத்துக்குள் அந்தப் பக்கங்களில் புதிதாகச் சேர்க்க அதிகம் இல்லாமல் போனது.

படிப்பது பழகிய பிறகு கேட்பது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. நம் நாட்டுப் பேராசிரியர்களின் உச்சரிப்பிலேயே இருப்பது அவற்றின் பெரிய நன்மை. முதலில் வேகத்தைக் குறைத்து, திரையின் அடியில் பேச்சின் எழுத்து வடிவத்தை ஓடவிட்டுக் கேட்டாள்; பிறகு எழுத்தை நிறுத்தினாள். நான் இரவுப் பணி முடித்துக் காலையில் அழைத்தால், நேற்றுக் கேட்ட விரிவுரையைத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சில நாட்களில், “அண்ணா, இன்னைக்குப் பாதிதான் புரிஞ்சுதுங்க” என்பாள். புரிந்த பாதியை மட்டும் சொல்லச் சொல்வேன்.

கல்லூரி திறந்த பிறகு பார்த்தால், ஆசிரியர்கள் பாதி நேரம் தமிழில்தான் விளக்குகிறார்களாம். அப்படியென்றால் இவ்வளவும் வீண் உழைப்பா என்று அம்மா கேட்டார். விளக்கம் தமிழில் நடந்தாலும், தமிழர் மரபு நீங்கலாக, அவள் படிக்க வேண்டிய நூல்களும் எழுத வேண்டிய தேர்வும் ஆங்கிலத்தில்தான். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் கணித வினாத்தாளைத் தங்கை எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். மூன்றாம் கேள்வியில் சச் தட் என்ற இடத்துக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அறைத்தோழிக்கு அந்தக் கேள்வியை விளக்கியபோது போட்ட கோடு என்றாள். அந்தத் தோழியும் தமிழ்வழிதான். இப்போது அந்த நோட்டு இருவர் கையிலும் மாறி மாறி இருக்கிறது.