ஒட்டாருவில் பனியும் பியானோவும்

ஜப்பானின் வடக்கே, சப்போரோவிலிருந்து துறைமுக ஊரான ஒட்டாருவுக்குப் போகும் ரயிலில் வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். செனிபாகோ தாண்டியதும் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுகிறது. பிப்ரவரி மாதம். கருத்த கடலின் மேல் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. சரி, இதுதான் நேரம் என்று இயர்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

ஷுன்ஜி இவாய் இயக்கி 1995இல் வந்த ‘லவ் லெட்டர்’ படத்தின் பின்னணி இசை. பியானோ, கூடவே வயலின்கள்; பாடும் குரல் கிடையாது. ரெமெதியோஸ் என்ற பெயரில் இதற்கு இசையமைத்தவர் ஒரு பெண். பிறந்தது பனியே விழாத ஒகினாவாவில்! அதைப் படித்த நாளிலிருந்து அவர் மேல் தனிப் பிரியம். நானும் சென்னையில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டு இந்த இசையில்தான் முதலில் பனியைப் பார்த்தேன்.

கதையில் பாதி நடப்பது ஒட்டாருவில். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஃபுனாமிசாகா என்ற செங்குத்தான ஏற்றம், படத்தில் வரும். பாதி ஏறியிருப்பேன், அந்தத் தொகுப்பிலுள்ள ‘எ விண்டர் ஸ்டோரி’ ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர் தாங்காமல் கைப்பேசி அணைந்துவிட்டது. அப்படியே நின்றேன். புதுப்பனியின் துகள்களுக்கு நடுவே காற்று தங்கியிருப்பதால் அது சத்தத்தை விழுங்கிவிடும். ஊரே பஞ்சுக்குள் வைத்தது போல இருந்தது. ஒரு பாட்டி வாசலில் பனியை வாரித் தள்ளும் சரக் சரக், எங்கோ கூரையிலிருந்து பனி ‘பொத்’தென்று விழும் ஓசை, அவ்வளவுதான். அறுந்த மெட்டு மனதுக்குள் தானாகத் தொடர்ந்தது, வழக்கத்தைவிட மெதுவாக. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ரெமெதியோஸ் ஏன் அத்தனை இடம் விட்டிருக்கிறார் என்பது அங்கேதான் விளங்கியது.

மேலே ஏறித் திரும்பினால் நேர் கீழே துறைமுகம். மூக்கு மரத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு காபிக் கடையில் கைப்பேசியைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி, இருட்டும் நேரத்தில் கால்வாய்க்குப் போனேன். 1923இல் கட்டி முடித்த கால்வாய்; ஒரு கரையில் பழைய கிடங்குகள், மறு கரையில் 63 எரிவாயு விளக்குகள். ஒரு விளக்கடியில் நின்று மறுபடி முதலிலிருந்து போட்டேன். வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் பனி பொன்னிறமாக இறங்கி, தண்ணீரைத் தொட்டதும் காணாமல் போனது. முழுத் தொகுப்பும் முடிந்தபோது என் தொப்பியில் ஒரு விரல் கனத்துக்குப் பனி.