ஆரஞ்சு கவுண்டியின் ஜாதகம்

கலிஃபோர்னியாவின் அர்வைனில் வீடு வாங்கியாயிற்று. ஸ்மோக் அலாரத்தைத் துண்டு போட்டு மூடி, அலுமினியத் தட்டில் ஹோமம் வளர்த்து, மின்சார அடுப்பில் பால் பொங்க வைத்து, வந்தவர்களுக்குப் புளியோதரை டப்பா கொடுத்து அனுப்பியாயிற்று. இனி இதுதான் ஊர் என்று பெருமூச்சு விடுகிற நேரத்தில், நாலைந்து மாதம் கழித்து ஒரு உறை வரும். அனுப்புநர், ஆரஞ்சு கவுண்டியின் டிரெஷரர் டாக்ஸ் கலெக்டர். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி.

நமக்குக் கலெக்டர் என்றால் திங்கட்கிழமை மனு வாங்குகிறவர். இங்கே கலெக்டர் என்றால் வரி கலெக்ட் செய்கிறவர், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் நம் ஊரில் அந்தப் பெயரை வைத்ததும் இதே காரணத்துக்குத்தான் என்பது அந்த உறையைப் பிரிக்கும்போதுதான் உறைக்கும்.

உள்ளே இருப்பது சப்ளிமென்டல் பில், அதாவது வீடு கைமாறியதால் ஏறிய வரி மதிப்புக்கான கூடுதல் வீட்டு வரி. "வரிதான் மாதத் தவணையோடு எஸ்க்ரோவில் போகிறதே" என்று அதை ஓரமாக வைத்தவர்கள் அநேகம். எஸ்க்ரோ என்பது கடன் கொடுத்த வங்கி வரிக்கென்று பிடித்து வைக்கும் பணம், அதிலிருந்து வங்கி கட்டுவது வருடாந்திர பில்லை மட்டும். சப்ளிமென்டல் பில் நேராக வீட்டுக்காரருக்கு வரும், அவர்தான் கட்ட வேண்டும். கெடு தாண்டினால் 10% அபராதம்.

கணக்கு சுலபம். பழைய உரிமையாளர் பேரில் வீட்டின் வரி மதிப்பு 4 லட்சம் டாலர். நீங்கள் வாங்கியது 12 லட்சத்துக்கு. வித்தியாசம் 8 லட்சம், அதில் 1% என்றால் 8,000 டாலர். அக்டோபரில் கைமாறியிருந்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கணக்கு. நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை என்பதால் மிச்சம் எட்டு மாதம். அதற்கான பெருக்கு எண் 0.67, ஆக 5,360 டாலர். கடன் பத்திரங்களை அடைக்க விதிக்கும் பாண்டு வரிகளைச் சேர்க்காமலேயே இவ்வளவு. ஜனவரியிலிருந்து மே வரைக்குள் வாங்கியவர்களுக்கு இப்படி இரண்டு பில் வரும், பயந்துவிட வேண்டாம். வீடு வாங்கும் வருடத்தில் கிரகப்பிரவேசச் செலவோடு இதற்கும் ஒரு தொகையை எடுத்து வைப்பதுதான் புத்தி.

பக்கத்து வீட்டுத் தாத்தா அதே அளவு வீட்டுக்கு உங்களில் மூன்றில் ஒரு பங்கு வரிதான் கட்டுகிறார் என்பது அடுத்த வயிற்றெரிச்சல். 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபொசிஷன் 13-தான் காரணம். அடிப்படை வரி 1%. மதிப்பு வருடத்துக்கு 2%-க்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறினால்தான் சந்தை விலைக்குத் திருத்துவார்கள். நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் கவுண்டியின் கஜானாவுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. ரொம்ப வருடங்களாகக் கைமாறாத வீடுகளின் வரி மதிப்பு சந்தை விலைக்கு வெகு கீழே கிடப்பதால், வீட்டு விலை சரிந்தாலும் வரி வரவு அதே வேகத்தில் சரியாது. தாத்தாவின் வீடுதான் கவுண்டியின் தலையணை.

புது வீடு என்றால் பில்லின் கீழ்ப்பாதியில் மெல்லோ ரூஸ் என்கிற தனி வரியும் இருக்கும். அது வீட்டின் விலையைப் பார்க்காது. அந்தப் பேட்டைக்குச் சாலையும் பள்ளிக்கூடமும் போட வாங்கிய கடனை, பெரும்பாலும் வீட்டின் பரப்பளவை வைத்துப் பங்கு போட்டு வசூலிப்பது. அதை விதித்தது நகரமோ பள்ளி மாவட்டமோ, யாராகவும் இருக்கலாம். கவுண்டி பல நேரம் வெறும் வசூல்காரர். 1% வரியிலேயே பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போய்விடும். ஆரஞ்சு கவுண்டி நிர்வாகத்தின் கையில் நிற்பது டாலருக்கு ஏறக்குறைய 6 சென்ட்.

ஊரில் வீட்டு வரிக்குத் துணிப்பையோடு ஆள் வருவார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, கார்பன் தாள் வைத்து ரசீது கிழித்துக் கொடுப்பார். பஞ்சாயத்தின் வரவு செலவு கிராம சபையில் ஃப்ளெக்ஸ் பேனரில் தொங்கும். தெருவிளக்குக்கு இவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு இவ்வளவு. அந்த மோட்டாருக்கு அவ்வளவு ஆகாது என்பது ஊருக்கே தெரியும், ஏனென்றால் ரிப்பேர் பார்த்தவர் பக்கத்துத் தெரு. கவுண்டியில் அந்த வசதி கிடையாது. பட்ஜெட் 900 கோடி டாலரைத் தாண்டும், மோட்டார்க்காரர் யாரென்று தெரியாது. அதனால் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் பட்ஜெட் புத்தகத்தை மூடி வையுங்கள். பட்ஜெட் கல்யாணப் பத்திரிகை மாதிரி, நடக்கப்போவதாகச் சொல்வது. 900 கோடியைப் பார்த்துப் பணக்காரக் கவுண்டி என்று முடிவு கட்டுவதும் தப்பு. பெரும்பகுதி மாநிலமும் மத்திய அரசும் இன்ன திட்டத்துக்கு என்று சீட்டு ஒட்டி அனுப்பும் பணம். கையைத் தாராளமாக நீட்டிச் செலவழிக்கக்கூடியது அதில் சிறு பங்கு. பார்க்க வேண்டியது ஆண்டு நிதி அறிக்கை. வெளி ஆடிட்டர் கையெழுத்திட்டது, கவுண்டியின் இணையதளத்தில் சும்மாவே கிடைக்கும். ஆங்கிலத்தில் ஏ.சி.எஃப்.ஆர். என்பார்கள். 2021 வரை எழுத்து வரிசை சி.ஏ.எஃப்.ஆர். சேர்த்துச் சொன்னால் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லாக ஒலிக்கிறது என்று, அரசுக் கணக்கியல் தர வாரியமே மாற்றியது. இலங்கையில் 'காப்பிரி' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நூற்றுக்கணக்கான பக்கம். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஆடிட்டர் கருத்து ஆட்சேபக் குறிப்பு எதுவும் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நேராகப் பொது நிதியின் இருப்புநிலைக் குறிப்புக்குப் போகலாம். அதன் அடியில் நிதி இருப்பு ஐந்து வரியாகப் பிரிந்திருக்கும். நம் வீட்டுப் பீரோவும் அப்படித்தான். ஒரு தட்டில் விற்க முடியாத பழைய பாத்திரம். அடுத்தது சீட்டுக்காரர் கொடுத்துவைத்த பணம், நம்முடையது அல்ல. அடுத்தது பெரியவர்கள் கூடிப் பேசிப் பெண் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கியது. அடுத்தது பெயிண்ட் அடிக்கலாம் என்று மனதில் நினைத்தது. கடைசி, சும்மா இருப்பது. ஒரு கவுண்டியின் சேமிப்பு என்று கணக்கில் எடுக்க வேண்டியது கடைசி மூன்றையும்தான். சீட்டுப் பணத்தையும் சேர்த்து எண்ணிவிட்டு "இருப்பு ஏராளம்" என்பது எல்லோரும் செய்யும் தவறு.

அந்த மூன்றின் கூட்டலை ஆண்டுச் செலவால் வகுக்க வேண்டும். செலவு 400 கோடி, கூட்டல் 60 கோடி என்று வைத்துக்கொண்டால் 15%. அரசு நிதி அதிகாரிகள் சங்கம் சொல்லும் குறைந்தபட்சம் இரண்டு மாதச் செலவு, அதாவது 16.7%-க்குப் பக்கம். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அறிக்கையின் கடைசிப் பகுதியில் பத்து வருட அட்டவணை இருக்கும், அதில் ஏறுமுகமா இறங்குமுகமா என்று விரலால் ஓட்டிப் பார்க்கலாம். இருப்பு ஏறியிருந்தால் எதனால் ஏறியது என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு கட்டடத்தை விற்றதாலா, இன்னொரு நிதியிலிருந்து மாற்றியதாலா, ஓட்டைக் கூரையை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டதாலா?

பென்ஷனைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2003 ஏப்ரல் 1-க்கு முன் வேலையில் சேர்ந்த அண்ணனுக்கும் பின் சேர்ந்த தம்பிக்கும் நடுவே நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டு வளர்ந்த வீடுகள் உண்டு. இங்கே அந்தக் கோடு 2013 ஜனவரி 1. அதற்கு முன் சேர்ந்த கவுண்டி ஊழியர்கள் பலருக்கு '55 வயதில் 2.7' என்ற சூத்திரம், அதாவது வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 2.7%. 30 வருடம் வேலை செய்தால் கடைசிச் சம்பளத்தில் 81%. நிதி அறிக்கையில் இதற்கு இரண்டு இடம் பார்த்தால் போதும். கட்ட வேண்டும் என்று கணக்கர் சொன்ன தொகையும் உண்மையில் கட்டிய தொகையும் பத்து வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, பென்ஷன் நிதியின் முதலீட்டு வருமான ஊகம் ஒரு சதவீதம் குறைந்தால் பற்றாக்குறை எவ்வளவு பெருகும் என்ற சிறு பெட்டி. பெரும்பாலான இடங்களில் ஊகம் 7%-ஐ ஒட்டி இருக்கும். அந்தப் பெட்டியைப் பார்த்தால் அன்றைக்குத் தூக்கம் கொஞ்சம் குறையும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு கவுண்டி ஒரே நாளில் விழ முடியும். விழுந்த இடம் இதுதான்.

1994 டிசம்பர் 6, ஆரஞ்சு கவுண்டி திவால் மனு போட்டது. டிஸ்னிலாண்ட் இருக்கிற, கடற்கரை மாளிகைகள் இருக்கிற ஊர்! அன்றைய டிரெஷரர் ராபர்ட் சிட்ரான் இருபது வருடத்துக்கு மேல் தேர்தலில் ஜெயித்துக்கொண்டே வந்தவர். கவுண்டி, நகரங்கள், பள்ளிகள் என்று இருநூறுக்குச் சற்றுக் குறைவான அமைப்புகள் போட்ட 750 கோடி டாலர், 'பூல்' என்கிற பொதுக் குளமாக, அவர் கையில். கையிருந்த பத்திரங்களை அடகு வைத்து குறுகிய காலக் கடன் வாங்குவார், அதில் நீண்ட காலப் பத்திரம் வாங்குவார், அதையும் அடகு வைப்பார். இப்படி 2,000 கோடிக்கு மேல் ஊதிவிட்டார். வட்டி விகிதம் இறங்கிக்கொண்டிருந்தவரை இது கற்பகத் தரு. பக்கத்துக் கவுண்டிகளைவிட வருமானம் கூடுதல், எல்லோருக்கும் சந்தோஷம். 1994 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. 3%-இல் இருந்தது நவம்பரில் 5.5%. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியது, கையில் இருந்த பத்திரத்தின் விலை இறங்கியது. நஷ்டம் 164 கோடி டாலர், போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

வட்டி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அவர் யாரைக் கேட்டார் என்பது பிறகு கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்ட ஆதாரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) விசாரணையில் வெளிவந்தது. தபாலில் பலன் எழுதி அனுப்பும் ஒரு ஜோசியரை. குறி சொல்லும் ஒருவரையும்.

இதைப் படிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாது, முழுதாகச் சிரிக்கவும் முடியாது. வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் நாளை ராகு காலம் பார்த்துத்தானே குறித்தோம். 1990-களில் மாதம் இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று ஆசை காட்டி ஒரு நாள் ஷட்டரை இறக்கிய நிதி நிறுவனங்களின் வாசலில் நின்ற கூட்டம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. அதே வருடங்களில், நம் ஆட்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகவே தேடி வரும் அர்வைனின் பள்ளி மாவட்டம், தன் பணத்தைப் போட்டது போதாதென்று கடன் வாங்கியும் அந்தக் குளத்தில் போட்டது. சிட்ரான் தன் பைக்கு எடுத்துக்கொண்டார் என்று யாரும் சொல்லவில்லை. 1994 ஜூனில் அவரை எதிர்த்து நின்ற கணக்காளர் ஜான் மூர்லாக் ஆபத்தைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார், தோற்றார். ஆறே மாதத்தில் குட்டு உடைந்தது. அடுத்த வருடம் மூர்லாக்கையே டிரெஷரர் ஆக்கினார்கள். பள்ளத்தை மூட அரை சென்ட் விற்பனை வரி கேட்டபோது, 1995 ஜூனில் மக்கள் முடியாது என்றார்கள். கடன் வாங்கித்தான் மூடினார்கள். கடைசித் தவணை கட்டியது 2017-இல். இந்த நூற்றாண்டில் விமானம் ஏறி வந்து குடியேறியவர்களின் வரியிலும் அந்த ஜோசியத்தின் பங்கு போயிருக்கிறது.

அதற்குப் பிறகு மாநிலச் சட்டம் இறுகியது. அடகுக் கடன் வகைக்கு, முதலீட்டில் 20% என்று உச்சவரம்பு போட்டார்கள். டிரெஷரரின் முதலீட்டு அறிக்கை இப்போது மாதாமாதம் வருகிறது. அதில் மூன்று எண் போதும். பத்திரங்களின் சராசரி முதிர்வுக் காலம் எத்தனை நாள், அது போன வருடத்தைவிட நீண்டிருக்கிறதா? வாங்கிய விலைக்கும் இன்றைய சந்தை விலைக்கும் எவ்வளவு இடைவெளி? இதே மாதிரி மற்றக் குளங்களைவிட வருமானம் கூடுதலாக இருந்தால், எதனால்? கடைசிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

கவுண்டியின் பாண்டுகளைப் பற்றிப் பார்க்க எம்மா என்கிற இலவசத் தளம் இருக்கிறது. தவணை தவறியது, கடன் நம்பகத்தை மதிப்பிடும் ரேட்டிங் மாறியது போன்ற செய்திகளை பத்து வேலை நாளுக்குள் அங்கே போட வேண்டும். ரேட்டிங்கை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 1994-இல் ஆரஞ்சு கவுண்டிக்கும் நல்ல ரேட்டிங்தான் இருந்தது. அலபாமாவின் ஜெஃபர்சன் கவுண்டி 2011-இல் 400 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனோடு திவாலானது. சாக்கடைத் திட்டத்துக்கு வாங்கிய மிதக்கும் வட்டிக் கடனும் அதோடு கட்டிய, வட்டியை மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் ஒப்பந்தங்களும் காரணம். ஆகவே கடன் பற்றிய அடிக்குறிப்பில் 'மாறும் வட்டி', 'ஸ்வாப்' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி கேட்கவும் இடம் இருக்கிறது. கவுண்டியை ஆளும் ஐந்து சூப்பர்வைசர்கள் சான்டா அனாவில் செவ்வாய்க்கிழமைகளில் கூடுவார்கள். நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்பது சட்டம். யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் நின்று பேசலாம், பச்சை அட்டை கூடத் தேவையில்லை. வேலை நாளில் லீவு போட்டுப் போக வேண்டும் என்பதுதான் கஷ்டம். கிராம சபைக்கு மட்டும் எத்தனை பேர் போனோம் என்று கேட்காதீர்கள். ஆலமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தது கணக்கில் சேராது.

வருடாந்திர பில்லின் முதல் தவணை நவம்பர் 1-இல் தொடங்கி டிசம்பர் 10 மாலை 5 மணியோடு கெடு. இரண்டாவது பிப்ரவரி 1, கெடு ஏப்ரல் 10. தபாலில் அனுப்பினால் தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு, கடைசி நாள் பெட்டியில் போட்டுவிட்டு நம்பி இருக்கக் கூடாது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் ஒரு தடவை படிவம் கொடுத்தால் மதிப்பில் 7,000 டாலர் கழியும், வருடத்துக்கு 70 டாலர் மிச்சம். இரண்டு மூட்டை பொன்னி அரிசி.

இணையத்தில் கட்டினால் ரசீது மின்னஞ்சலில் வந்துவிடும். எல்லாம் அதில் இருக்கிறது, தேதி, பார்சல் (மனை) எண், தொகை. இருந்தாலும் அதை அச்செடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துவிட்டு, சமையலறைச் சுவரில் மின்சார பில்லையும் வீட்டு வரி ரசீதையும் குத்தி வைக்கும் அந்த வளைந்த கம்பியை இந்த ஊரில் எந்தக் கடையில் கேட்பது என்று கொஞ்ச நேரம் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.