இரண்டு போட்டிகளுக்கு நடுவே

மிச்சிகனில் கார் பாகங்கள் வடிவமைப்பது என் வேலை. மார்ச் வந்தால் வார இறுதிகளில் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டிகளுக்குத் தன்னார்வலராகப் போய்விடுவேன். பள்ளி மாணவர்கள் செய்த ரோபோவின் எடை, பம்பர், ஒயரிங் எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து அனுமதிக்கும் இன்ஸ்பெக்டர் வேலை.

முன்பெல்லாம் கட்டணம் கட்டிய அணிக்குப் பெரிய அரங்கில் ஒரே ஒரு ரீஜனல் போட்டிதான். வாரக்கணக்கில் கண் விழித்துச் செய்த ரோபோ, இரண்டு நிமிடச் சொச்சம் ஓடும் மேட்ச் பத்து ஆடினாலே பெரிது. பெரும்பாலான அணிகளுக்கு அந்த வருஷம் அதோடு சரி. 2009-இல் மிச்சிகன் இதை மாற்றியது. ஒரே கட்டணத்தில் இரண்டு டிஸ்ட்ரிக்ட் போட்டிகள், ஒவ்வொன்றிலும் 12 தகுதி மேட்ச்கள். பெரும்பாலும் ஏதாவது ஓர் உயர்நிலைப் பள்ளி ஜிம்மில் நடக்கும். சுமார் 40 அணிகள் வரும். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி மாநிலப் போட்டிக்குத் தேர்வு செய்வார்கள்.

பயணச் செலவு குறைகிறது என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது இரண்டு போட்டிகளுக்கும் நடுவில் கிடைக்கும் வாரங்கள்.

ஒரு புது அணியின் ரோபோ, எதன்மீதாவது மோதினால் போதும், அப்படியே நின்றுவிடும். கட்டளைகளை வாங்கும் ரேடியோ திரும்ப உயிர் பெறுவதற்குள் மேட்சில் பெரும்பகுதி போய்விடும். ப்ரோகிராம் எழுதிய பையன் தன் கோடில்தான் தப்பு என்று லேப்டாப்பை விட்டு நிமிரவே இல்லை. நான் பேட்டரி முனையில் ஒயர் சேரும் இடத்தைப் பிடித்து அசைத்தேன், ஆடியது. நட்டை இறுக்கியதும் ரோபோ நிற்காமல் ஓடியது. ஆனால் போட்டியே முடியும் நேரம் அது.

பழைய முறையாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் பாடத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள், அதைப் பயன்படுத்திப் பார்க்க இடமே இருந்திருக்காது. அடுத்த போட்டியில் அவர்களை வேறொரு ஜிம்மில் பார்த்தேன். எல்லா பேட்டரிக்கும் எண் போட்டு, முனைகளை இறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். களத்துக்குப் போகும்முன் ஒயரை இழுத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு மாணவி. பக்கத்து பிட்டில், அதாவது பக்கத்து அணி ரோபோவைச் சரிபார்க்கும் இடத்தில், ஒரு ரோபோ நின்றுபோனது என்று கேள்விப்பட்டு, நான் போவதற்குள் அவளே அங்கே நின்று அவர்கள் பேட்டரியை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

பெரிய அரங்கின் வெளிச்சமும் ஆரவாரமும் பிள்ளைகளுக்கு வேண்டும்தான், மறுக்கவில்லை. அதற்கு மாநிலப் போட்டி இருக்கிறது. என் கவலை வேறு. ஒரே வார இறுதியில் பல ஊர்களில் போட்டி நடந்தால் அத்தனைக்கும் ரெஃப்ரி, இன்ஸ்பெக்டர் வேண்டும். திரும்பத் திரும்ப அதே முகங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். இங்கே நம்மவர்களில் ஒயரிங், மெக்கானிக்கல் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ரோபோ அனுபவம் இல்லையென்றாலும் பரவாயில்லை, பயிற்சி உண்டு. அடுத்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வைத்துவிட்டு வாருங்கள்.