கேஸ்தான்

ஜூன் 3

வயிறு மந்தம். வளைகாப்புச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டேன். ஐந்து வகைச் சாதத்தில் எதையும் விடவில்லை. உண்மையில் பத்து நாளாகவே நாலு வாய் உண்டதும் வயிறு நிரம்பிவிடுகிறது. ஓமத்தை மென்று வெந்நீர் குடித்தேன். ஏப்பம் வந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 6

தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பு முடிகிற குழியில் எரிச்சல். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறது. இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்குகிறது. மெடிக்கலில், "கேஸ்தாண்ணே" என்று, அமிலத்தைக் குறைக்கிற பேன்டோப்ரசோல் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டதும் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 9

பெரியப்பா நினைவு. அவருக்குச் சர்க்கரை உண்டு. ஒரு ராத்திரி மேல்வயிறு கரிக்கிறது என்றார். சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, தாடையிலும் வலி. கேஸ் என்று நாங்களே தீர்மானித்து, சோடா கொடுத்துப் படுக்க வைத்தோம். காலையில் ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்தது. பிழைத்தார், ஆனால் அதன்பிறகு பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்.

எனக்கு வியர்வை இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. அதில் ஒரு நிம்மதி.

ஜூன் 11

காலையில் மலம் கறுப்பாக, தார் மாதிரி போனது. தண்ணீர் ஊற்றியும் பீங்கானில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதிரியான வாடை வேறு. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் கறுக்கும், நான் போடவில்லை. அரை மணி நேரத்தில் டாக்டர் முன்னால் இருந்தேன்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"முட்டி வலிக்குக் காலையும் ராத்திரியும் போடறீங்களே, அது என்னவாம்?" என்றாள் மனைவி.

டைக்ளோஃபினாக். இரண்டு மாதமாக, சீட்டு இல்லாமல் வாங்கி. அதை மாத்திரைக் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை பாருங்கள். இரைப்பையின் உள்தோலை அமிலத்திலிருந்து காக்கிற சுரப்பை அது குறைத்துவிடுமாம். உள்ளே ரத்தம் கசிந்துதான் மலம் கறுத்ததாம். ஹீமோகுளோபின் 9.1, குறைவு. உடனே அட்மிஷன்.

தனக்கும் அப்பப்போ நெஞ்சு எரிகிறதே என்று மனைவி கேட்டாள். எண்ணெய்ப் பலகாரம் தின்ற அன்று மட்டும் என்றால் பயமில்லை, இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால் வாங்க என்றார் டாக்டர். காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது சோறு சிக்குவது, ஓயாத வாந்தி, ஐம்பதைத் தாண்டியபின் புதிதாக ஆரம்பிக்கிற அஜீரணம், இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாதாம். ரத்த வாந்தி, கறுப்பு மலம் என்றால் அன்றைக்கே. எனக்கு வயது 54.

ஜூன் 12

எண்டோஸ்கோபி. தொண்டையில் கசப்பான ஸ்ப்ரே அடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். குமட்டல்தான் கஷ்டம், பத்து நிமிடத்தில் முடிந்தது. சிறுகுடல் தொடக்கத்தில் புண். ரத்தம் தானாக நின்றிருந்தது. இரைப்பையிலிருந்து கிள்ளிய துணுக்கை ஒரு மஞ்சள் வில்லையில் வைத்தார்கள். சற்று நேரத்தில் வில்லை இளஞ்சிவப்பாக மாறியது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதாம். ஆக, மாத்திரை பாதி, கிருமி பாதி.

இந்தக் கிருமி புண்ணை உண்டாக்கும் என்று சொன்னபோது யாரும் நம்பாததால், ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-இல் அதைத் தானே குடித்துப் பார்த்தார். இரைப்பை அழற்சி வந்தது. 2005-இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் வந்தது. நான் என்னமோ காரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27

பதினாலு நாள் ஆன்டிபயாடிக் நேற்றோடு முடிந்தது. வாயெல்லாம் செம்புக்காசு சுவை. பேன்டோப்ரசோல் தொடர்கிறது, இப்போது காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். சாப்பிட்டபின் போட்டால் முழுப் பலன் இல்லையாம். அதை முடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் மூச்சுப் பரிசோதனை. கிருமி போயிற்றா என்று அதில் தெரியும்.

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பாராசிட்டமால் மட்டும் அனுமதி. மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன்.