சவான் ஆற்றில் நீர் குறைந்திருக்கும்போது வாருங்கள்

மொரீஷியஸுக்கு வரும் தமிழ்நாட்டு உறவினர்களும் நண்பர்களும் அருவி என்றதும் ஷமரெலைத்தான் கேட்கிறார்கள். சுற்றுலா வண்டிகள் எல்லாம் அங்கேதான் போகின்றன; உயரத்தில் அதற்கு ஈடு சொல்லவும் முடியாது. ஆனால் தீவின் தென்கோடியில், சூயாக் ஊரின் புறத்தே, சவான் ஆறு ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ரோச்செஸ்டர் அருவிக்கு அவர்களை அழைத்துச் செல்லவே நான் விரும்புகிறேன். அதுவும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பெருமழை மாதங்களில் வேண்டாம் என்பேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை, ஆறு இளைத்து ஓடும் நாட்களில் வரச் சொல்வேன். "தண்ணீர் குறைந்த அருவியில் பார்க்க என்ன அண்ணா இருக்கும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பாறை இருக்கும்.

சூயாக் சிறிய ஊர். 1779 முதல் 1787 வரை பிரெஞ்சு ஆளுநராக இருந்த சூயாக் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்துச் சர்க்கரை இங்குள்ள சிறு துறைமுகத்திலிருந்து படகுகளில் தலைநகருக்குப் போனது. பிறகு ரயில் வந்தது. 1964இல் அந்த ரயிலும் தீவு முழுவதிலும் நின்றுபோனது. இன்று இங்கே பேருந்து நிலையமும், கடற்கரைப் பூங்காவும், பவளத்திட்டின் காவல் இல்லாததால் அலைகள் நேராக வந்து மோதும் க்ரி க்ரி கடற்கரையும் இருக்கின்றன. அருவி ஊரிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது. பக்கத்து ஊரான சூரினாம் பக்கமாகப் பெருஞ்சாலையை விட்டு விலகி, கரும்புக் காடுகளுக்கு நடுவே செல்லும் மண் பாதையில் திரும்ப வேண்டும். கரும்பு வெட்டு ஜூன் வாக்கில் தொடங்கி ஆண்டு முடிவு வரை நடப்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு இருபுறமும் பார்வையை மறைத்துவிடும். அக்டோபரில் பாதி வயல்கள் வெட்டி முடிந்திருக்கும். ஆற்றங்கரை மரங்களின் வரிசை தொலைவிலிருந்தே தெரிவதால் வழி தவறாது. நீர் குறைந்த மாதங்களை நான் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

முதன்மையான காரணம், முன்பு சொன்னதுபோல், பாறையே. வெள்ளம் பெருகி ஓடும்போது ரோச்செஸ்டர், அகலமான பழுப்புத் திரை ஒன்று தொங்குவதைப் போலத்தான் தெரியும். அப்படிப்பட்ட காட்சி எந்த ஆற்றிலும் கிடைக்கும். நீர் வடிந்த பிறகுதான், ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கி நிற்கும் கருங்கல் தூண்கள் வெளிப்படுகின்றன. நான்கு பக்கமும் ஐந்து பக்கமும் கொண்ட அவை உளியால் செதுக்கி அடுக்கியவை போல நேராக நிற்பதைக் கண்டு, முதன்முறை வருபவர்கள் இது பழைய கோயிலின் அடித்தளமோ என்றுகூடக் கேட்கிறார்கள். மனிதக் கை படாத வேலை அது. எரிமலைக் குழம்பு தரையில் பரவி நின்று, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும் பாறை தன்னைத்தானே இழுத்துக்கொள்வதால், காய்ந்த குளத்துச் சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் போல மேலே விரிசல் விடுகிறது. குளிர்ச்சி கீழே இறங்க இறங்க அந்த விரிசல்களும் செங்குத்தாகக் கீழே இறங்கி, முழுப் பாறையையும் தூண்களாகப் பிரித்துவிடுகின்றன. இந்தத் தீவே எரிமலைக் குழம்பால் உருவானதுதான் என்றாலும், அந்தச் சூடு ஆறிய விதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் இங்கே அதிகம் இல்லை.

அருகே சென்று ஒரே ஒரு தூணை மட்டும் நின்று பாருங்கள். செங்குத்து விரிசல்களோடு, அதைக் குறுக்கே வெட்டும் படுக்கை விரிசல்களும் இருக்கும். அவற்றில் பாசியும் சிறு பெரணிச் செடிகளும் வேர் பிடித்திருக்கும். மேலிருந்து இறங்கும் மெல்லிய நீர்த்தாரை ஒரு தூணின் முகத்தில் வழிந்து, படுக்கை விரிசல் வந்ததும் பக்கத்துத் தூணுக்குத் தாவி, மறுபடியும் நேராக இறங்கும். அருவியை அழிப்பதும் காப்பதும் இந்த விரிசல்களே. வெள்ளக் காலத்தில் நீர் அவற்றுக்குள் புகுந்து தூணின் துண்டுகளை நெம்பிக் கீழே தள்ளுகிறது. துண்டுகள் செங்குத்து விரிசலை ஒட்டியே பெயர்வதால் பாறைமுகம் சரிவாகத் தேயாமல் எப்போதும் நிமிர்ந்தே நிற்கிறது. இப்படிப் பெயர்ந்த கட்டங்கட்டமான கற்கள்தான் கீழே கரையோரம் சிதறிக் கிடக்கின்றன.

கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா, வயலில் கிடக்கும் கல் உருண்டையாகவும் ஆற்றில் கிடக்கும் கல் சதுரமாகவும் இருப்பதை எனக்குச் சிறுவயதிலேயே காட்டியிருக்கிறார். காரணத்தை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மண்ணுக்கடியில் ஈரம் கல்லின் மூலைகளை எல்லாத் திசையிலிருந்தும் அரிப்பதால், கட்டமாக இருந்த கல் காலப்போக்கில் உருண்டையாகிவிடுகிறது. ஆற்றில் கிடப்பதோ அண்மையில் பெயர்ந்தது, விளிம்பு இன்னும் மழுங்காதது. பிறப்பால் இரண்டும் ஒரே இனக் கல்தான். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள், கரும்பு நடுவதற்காக இந்தத் தீவின் வயல்களிலிருந்து அந்த உருண்டைக் கற்களைத்தான் கையால் பொறுக்கிச் சுமந்து குவித்தார்கள். பின்னர் இயந்திரங்கள் வந்து பல குவியல்களை அகற்றிவிட்டாலும், எஞ்சியவற்றை இன்றும் வயல்களின் நடுவே காணலாம். நம் முன்னோரின் தோளை அழுத்திய பாறை எப்படிப் பிறந்தது என்பதை நேரில் அறிய விரும்பும் தமிழர் எவரும் ரோச்செஸ்டருக்கு ஒருமுறை வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

குற்றாலத்தில் நின்று பழகியவர்கள் இங்கும் அருவிக்கடியில் தலையைக் காட்டத் துடிப்பார்கள். மேலிருந்து கல் பெயரும் பாறைமுகம் இது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தேங்கி நிற்கும் நீரில் சற்று விலகிக் குளிப்பதே நல்லது. உள்ளூர் இளைஞர்கள் பாறை உச்சியிலிருந்து குதித்துக் காட்டி, பார்ப்பவர்களிடம் சிறு அன்பளிப்பு பெறுவது உண்டு. கொடுப்பதில் தவறில்லை, அவர்களின் திறமை மெய்யானது. ஆனால் எந்த இடத்தில் ஆழம், எந்த இடத்தில் விழுந்த தூண்துண்டு மூழ்கிக் கிடக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும். விருந்தினர் எவரும் அவர்களைப் பார்த்துக் குதிக்கக் கூடாது.

இந்த நாட்டின் 1983ஆம் ஆண்டு வனச் சட்டம் ஆறுகளின் கரையில் 16 மீட்டர் அகலத்துக்குக் காப்பு நிலம் வகுத்திருக்கிறது. அந்த நிலத்தில் நிற்கும் மரங்களே கரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. சர்க்கரைத் தொழில் சுருங்கிவருகிறது. கரும்பு நிலங்கள் பல இடங்களில் மாளிகை வீடுகளாக மாறிவருகின்றன. நாளை இந்த வயல்களின் நடுவேயும் மதில் எழுந்தால், காப்பு நிலம் சட்டப்படி இருந்தும் அதற்குப் போகும் பாதை அடைபட்டுவிடக்கூடும். சூயாக், சூரினாம் மக்கள் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தடையின்றி நடந்துபோகும் அந்த மண் பாதை, நிலம் யார் கைக்கு மாறினாலும் பொதுவழியாகவே இருக்க வேண்டும் என்று இப்போதே ஊர் மன்றத்தில் எழுதிக் கேட்பது நம் கடமை. தின்ற பொட்டலத்தையும் குடித்த புட்டியையும் திரும்ப எடுத்துச் செல்வதும் அப்படியே.

வருபவர்கள் வழுக்காத காலணி அணிந்து காலையிலேயே வந்துவிடுங்கள். கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே நடுத்தீவின் மேட்டு நிலத்தில் மழை கொட்டுவது இங்கே வழக்கம் என்பதால், வானத்தை மட்டும் நம்பாமல் ஆற்றையும் கவனித்துக்கொண்டிருங்கள். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பிள்ளைகளை முதலில் கரையேற்றிவிடுங்கள்.