பெயர் சொன்னவர்

கல்லூரி ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில், உதவியாளராகச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க எனக்குப் பசையும் ஊசிநூலும்தான் வேலை. காய்ந்த செடியைத் தடித்த தாளில் ஒட்டுவேன். தண்டு முரட்டுத்தனமாக இருந்தால் நூலால் தைப்பேன். அப்புறம் வலது கீழ்மூலையில் லேபிள். செடியின் பெயர், ஊர், தேதி, சேகரித்தவர்.

யோகான் பீட்டர் ராட்லரைப் பற்றி அங்கேதான் தெரிந்துகொண்டேன். 1749இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்த லூத்தரன் மிஷனரி. அங்கே முதலில் வந்த மிஷனரி சீகன்பால்க் வந்து எழுபது வருடம் கழித்து, 1776இல் தரங்கம்பாடிக்கு வந்தார். செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான கேனிக் அதற்கு முன்பே மிஷன் மருத்துவராக அங்கே வந்திருந்தார். மிஷனரிகளுக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது அவரால்தான். ராட்லர் 1799-1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரை போய்த் திரும்பிய வழியெல்லாம் செடி பார்த்துக் குறிப்பு எழுதினார். அவை 1803இல் பெர்லினில் அச்சாயின. அவர் சேர்த்த செடித் தாள்கள் லண்டன் போய், கடைசியில் அங்குள்ள கியூ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன.

சென்னை வேப்பேரிக்கு வந்த பிறகு, முதுமையில் தமிழ்–ஆங்கில அகராதி வேலையில் உட்கார்ந்தார். முதல் பகுதி 1834இல் வந்தது. 1836இல் அவர் இறந்துவிட, மிச்சத்தை டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் பார்த்துத் திருத்தி, 1841இல் வேலை முடிந்தது.

செடி ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று அவர் இரண்டு வேலை பார்த்ததாகத்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தப்பென்று எனக்குக் காட்டியது ஒரு கீழாநெல்லிக் கட்டு.

தரங்கம்பாடிப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் செடி பிடுங்கி, செய்தித்தாளில் பரப்பிக்கொண்டிருந்தேன். ஆடு ஓட்டி வந்த ஒரு ஆயா பக்கத்தில் உட்கார்ந்தார். "இதெல்லாம் என்னாப்பா?" "கீழாநெல்லி ஆயா." அவர் கட்டிலிருந்து இரண்டை உருவி எடுத்தார். "இது கீழாநெல்லி இல்ல. மேலாநெல்லி. நல்லாப் பாரு. கீழாநெல்லிக்கு நடுத்தண்டு மொட்டையா இருக்கும், பக்கத்து ஈர்க்குலதான் எல. இதுக்குத் தண்டுலயே எல மொளைச்சிருக்கு."

கைலென்ஸை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. தாவரவியல் புத்தகமும் அதே அடையாளத்தைத்தான் சொல்கிறது, நீளமான ஒரு கலைச்சொல்லோடு. மேலாநெல்லியின் அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். மதராஸ்பட்டினம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வாய்க்கால் கரையில் அதை எனக்குப் பிரித்துக் காட்டியது ஆயாவின் விரல்.

பழைய அகராதிகள் சிலவற்றில் செடிப் பெயருக்கு எதிரே 'ஒரு பூடு', அதாவது ஒரு சிறுசெடி, என்று மட்டும் இருக்கும். எந்தப் பூடு? சொல்லை மட்டும் கற்றவருக்கு அது தெரியாது. செடியை மட்டும் பார்த்தவருக்குப் பெயர் தெரியாது. இரண்டையும் சேர்க்க, பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவர் பேச்சு நமக்குப் புரியவும் வேண்டும். ராட்லருக்குத் தமிழ் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் பெயரால் ராட்லெரா என்றே ஒரு பேரினம், அதாவது நெருங்கிய செடி இனங்களின் தொகுதி, இருந்தது. பட்டுக்குச் சாயமேற்றும் கபிலப்பொடி தரும் மரமும் அதில்தான் இருந்தது. இன்று அந்த மரத்தின் பேரினப் பெயர் மல்லோடஸ் ஆகிவிட்டது. கபிலப்பொடி மட்டும் கபிலப்பொடியாகவே இருக்கிறது.

எங்கள் லேபிளில் உள்ளூர்ப் பெயருக்கு ஒரு வரி உண்டு, அதைச் சொன்னவருக்கு இல்லை. அந்த வாரமே பென்சிலால் 'பெயர் சொன்னவர்' என்று ஒரு வரி சேர்த்தேன். பொறுப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அச்சிலேயே அந்த வரி வருகிறது.

மறுமுறை போனபோது அந்தத் தாளின் நகலை ஆயாவிடம் காட்டினேன். எழுத்து தெரியாது, படித்துக் காட்டு என்றார். படித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க அப்பாரு பேரையும் சேத்து எழுதுப்பா. அவருதான் எனக்குக் காட்டுனாரு" என்றார்.