இறுதியாண்டு ஆய்வு: முதல் பத்து வினாக்கொத்துத் தாளைக் கூட இருந்து பாருங்கள்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கும் ஒருவர் நெல் வயலை வைத்து இறுதியாண்டு ஆய்வு செய்கிறார் என்றால், அது உருப்படுமா இல்லையா என்பது மாரிமழைக்கு முன்னமே தெரிந்துவிடும். பெரும்போக (மாரிகாலச் செய்கை) விதைப்பு ஒக்டோபர், நவம்பரோடு முடிந்துவிடும். அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். விதைப்பைத் தவறவிட்டால் சிறுபோகம் (கோடைகாலச் செய்கை) வரை காத்திருக்க வேண்டும். அதுவும் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில்தான் நம்பிச் செய்யலாம். ஆகவே தலைப்பு, மேற்பார்வையாளர், முன்மொழிவு மூன்றையும் செப்டெம்பருக்குள் முடியுங்கள். மனிதரிடம் கேள்வி கேட்கும் ஆய்வென்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் அதற்குள் கைக்கு வரவேண்டும். தரவைச் சேகரித்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்க முடியாது.

"மட்டக்களப்பு விவசாயிகளின் பிரச்சினைகள்" என்று எழுதிக்கொண்டு வரும் மாணவரை அன்றைக்கே திருப்பி அனுப்பாமல், ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருத்திப் பேசுங்கள். எந்தக் குளம், எந்த வட்டை (வயல்வெளி), எந்தப் போகம், எதை அளக்கப்போகிறார்? உன்னிச்சைக் குளத்தின் கீழ் ஒரே வாய்க்காலின் தலைப்பக்க வயலுக்கும் கடைசிப்பக்க வயலுக்கும் விளைச்சல் எவ்வளவு வேறுபடுகிறது என்பது ஒருவர் ஒரு போகத்தில் செய்து முடிக்கக்கூடிய கேள்வி.

மாதிரி எண்ணிக்கையில்தான் பலரும் சறுக்குவார்கள். 384 என்ற எண்ணை எங்கோ பார்த்து எழுதிவிடுவார்கள். அது மிகப்பெரிய குடித்தொகைக்கு, 95 வீத நம்பிக்கையிலும் 5 வீத வழுவிலும் (விடை கூடவோ குறையவோ 5 வீதம் விலகலாம் என்று விட்டு) வரும் எண். பட்டியலில் 200 விவசாயிகள்தான் இருந்தால் 132 பேர் போதும். ஒரு நேர்காணல் 40 நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்றால் அந்த 132 பேருக்கே 27 நாள் போகும். கமநல சேவை நிலையத்தில் பெயர்ப்பட்டியல் கேட்டு, குலுக்கல் முறையில் தெரிவுசெய்தால்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம். தேநீர்க்கடையில் இருந்தவர்களை மட்டும் கேட்டால் 500 பேரைக் கேட்டும் பயனில்லை.

வயல் பரிசோதனைக்கு வேறு கணக்கு. 4 பரிகரிப்பு (ஒப்பிடும் முறைகள்), 3 மீளல் (ஒவ்வொன்றையும் மூன்று துண்டில் திரும்பச் செய்தல்) என்று முழு எழுமாற்று அமைப்பில், அதாவது எந்தத் துண்டுக்கு எது என்பதை முழுக்கக் குலுக்கலில் விட்டு, போட்டால் வழுவுக்கு 8 சுயாதீனப் பாகைதான் (degrees of freedom) கிடைக்கும்; இது குறைந்தால் வழுவை நம்பி மதிப்பிட முடியாது. உண்மையான வித்தியாசமும் கண்ணில் படாமல் போகலாம். 4 மீளல் போட்டால் 12 வரும். தண்ணீர் ஒரு பக்கத்தால் வரும் வயலில் தொகுதிகளாகப் பிரித்து, ஒரு தொகுதியின் எல்லாத் துண்டும் தண்ணீர் வாயிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும்படி அமையுங்கள்.

விளைச்சலைக் கேட்கும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். வினாக்கொத்தில் "ஹெக்டேயருக்கு எத்தனை கிலோ" என்று இருக்கும். படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) விவசாயி "ஏக்கருக்கு முப்பத்தஞ்சு மூடை" என்பார். மூடை எத்தனை கிலோ என்று கேட்காமல் 65 என்று எடுத்தால் ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 5,620 கிலோ வரும். அவருடைய மூடை 70 கிலோவாக இருந்தால் 6,050. ஒரே வயலில் 430 கிலோ வித்தியாசம், அதுவும் பசளையாலல்ல, மூடையால். நெல் ஈரமா காய்ந்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஈர நெல்லில் தண்ணீரும் சேர்ந்து நிறுவைக்கு வரும். அவர் சொன்ன அலகை அப்படியே எழுதிவிட்டு, மாற்றும் கணக்கைப் பிறகு கணினியில் செய்யுங்கள். தாளிலேயே மாற்றி எழுதினால் பிழையைத் தேடிப் பிடிக்க வழியில்லை.

இந்தப் பிழையைப் பிடிக்கத்தான் மேற்பார்வையாளர் தேவை. முதல் பத்துத் தாள் நிரம்பியதும் மாணவரும் விரிவுரையாளரும் ஒன்றாக இருந்து வரிவரியாகப் பாருங்கள். எல்லோரும் "ஓரளவு" என்றே சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி பிழை. 132 தாளும் முடிந்த பிறகு கண்டுபிடித்தால் எதுவும் செய்ய முடியாது. கடைசி மாதத்தில் ஆய்வறிக்கையின் ஆங்கிலத்தைத் திருத்தச் செலவிடும் நேரத்தில் பாதியை இங்கே கொடுத்தால் எத்தனையோ ஆய்வுகள் தப்பும்.

சந்திப்பு கிழமைக்கு 20 நிமிடம், ஒரே நாள், ஒரே நேரம். மாணவர் முதல் நாளே ஒரு பக்கம் அனுப்ப வேண்டும்: செய்தது, தடங்கல், கேட்க வேண்டியது. நம் பிள்ளைகள் மரியாதைக்காக "விளங்கிற்று சேர்" என்று சொல்லி எழும்பிவிடுவார்கள். "விளங்கிற்றா" என்று கேட்காதீர்கள். "தங்கச்சி, நாளைக்கு வயலுக்குப் போய் முதல்ல என்ன செய்யப் போறீங்க எண்டு சொல்லிக் காட்டுங்க" என்று கேளுங்கள். எங்கே விளங்கவில்லை என்பது அந்தப் பதிலிலேயே வெளிவந்துவிடும். மாணவரும் அன்றைக்கே முடிவுகளை நான்கு வரியில் எழுதி அனுப்பினால் பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

செய்முறை அத்தியாயத்தை வயலில் நிற்கும் காலத்திலேயே எழுதுங்கள். எந்தத் திகதியில் எவ்வளவு யூரியா போட்டது என்பது மார்ச்சில் நினைவில் நிற்காது. வயல் குறிப்புக்கு பென்சில்தான். மழை பட்டால் பேனா எழுத்து கரைந்துவிடக்கூடும். டிசம்பரில் வெள்ளம் வந்து பாதை மறிபட்டாலும் தரவு கையில் இருக்கும்படி, அன்றன்றைய தாளை அன்றிரவே படமெடுத்து மேற்பார்வையாளருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.